9,900 எம்.ஏ.ஹெச் டார்ச் பேட்டரியா? வாங்கும் முன் எடை போட்டுப் பாருங்கள்!

ஆன்லைன் கடையில் 'டார்ச் பேட்டரி' என்று தேடினால் முதல் பக்கத்திலேயே அது வந்து நிற்கும். விரல் நீளத்தில் ஓர் உருளை. பளபளக்கும் உறை. அதன் குறுக்கே பெரிய எழுத்தில் '9,900 எம்.ஏ.ஹெச்'. பக்கத்திலேயே இன்னொரு பேட்டரி. அதே அளவு, அதே வடிவம். ஆனால் அதில் 3,000 எம்.ஏ.ஹெச் என்றுதான் போட்டிருக்கும். விலையோ இரண்டு மூன்று மடங்கு அதிகம். எதை வாங்குவீர்கள்?

பலரும் முதலாவதைத்தான் கூடையில் போடுவார்கள். மூன்று மடங்கு மின்சாரம், பாதிக்கும் குறைவான விலை. கணக்கு சரியாகத்தானே இருக்கிறது?

கணக்கு சரி. அந்த எண்தான் பொய்.

அந்த உருளைக்கு 18650 என்று பெயர். அளவு பெயரிலேயே இருக்கிறது. 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம், கடைசியில் வரும் பூஜ்ஜியம் உருளை வடிவத்தைக் குறிக்கிறது. பழைய லேப்டாப் பேட்டரிக்குள் ஆறு, எட்டு என்று வரிசையாகப் படுத்திருந்ததும் இதுதான். லித்தியம் அயான் பேட்டரியை 1991-ல் சோனி நிறுவனம் முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு வழிசெய்த ஜான் குட்எனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ மூவருக்கும் 2019-ல் வேதியியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. பல வருடங்களாக பானசோனிக், சாம்சங், எல்.ஜி போன்ற பெரிய நிறுவனங்கள் எல்லாம் இந்தச் சின்ன உருளைக்குள் இன்னும் கொஞ்சம் மின்சாரத்தை அடைக்கப் போராடி வந்திருக்கின்றன. அவர்களின் நல்ல செல்கள் எட்டியிருப்பது 3,500 எம்.ஏ.ஹெச் சுற்றுவட்டாரத்தைத்தான். மிகச் சமீபத்திய வரவுகளைச் சேர்த்தாலும் 4,000-ஐ ஒட்டித்தான் நிற்கிறது. நோபல் பரிசு வாங்கியவர்களாலேயே முடியாததை, பெயர் தெரியாத ஒரு கம்பெனி இருநூறு ரூபாய்க்குள் செய்துவிட்டதாம்!

இதைக் கண்டுபிடிக்க ஆய்வுக்கூடம் வேண்டாம். தராசு போதும். எம்.ஏ.ஹெச் என்பது தண்ணீர்த் தொட்டியின் கொள்ளளவு மாதிரி. அதிகம் கொள்ள வேண்டுமென்றால் உள்ளே சரக்கும் அதிகம் இருக்க வேண்டும், எடையும் கூட வேண்டும். வீட்டில் 10,000 எம்.ஏ.ஹெச் பவர் பேங்க் இருந்தால் கையில் எடுத்துப் பாருங்கள். ஏறக்குறைய 200 கிராம் இருக்கும். உண்மையான ஒரு 18650 செல்லின் எடை 45-லிருந்து 50 கிராம். கிட்டத்தட்ட அதே மின்சாரத்தைக் கால்வாசி எடைக்குள் எப்படி அடைக்க முடியும்? போலிகள் பலவும் 40 கிராமைக்கூடத் தொடுவதில்லை. சமையலறைத் தராசில் வைத்தாலே குட்டு வெளிப்பட்டுவிடும்.

ஒரு விஷயம். எடை குறைந்தால் அது போலி என்று சந்தேகமில்லாமல் சொல்லிவிடலாம். எடை சரியாக இருந்தால் நல்ல செல் என்று அர்த்தமில்லை. இப்படிப்பட்ட செல்களை அறுத்துப் பார்த்தவர்கள், உள்ளே அதைவிடச் சின்ன செல் ஒன்றும், மிச்ச இடத்தில் வெறும் வெள்ளைப் பொடியும் இருந்ததைப் படம் எடுத்தே போட்டிருக்கிறார்கள். இன்னொரு வகை, பழைய லேப்டாப்புகளிலிருந்து பிரித்து எடுத்த செல்கள். ஐந்தாறு வருடம் உழைத்துக் களைத்த செல்லுக்குப் புது பிளாஸ்டிக் உறை மாட்டிவிட்டால், பார்ப்பதற்குப் புது மாப்பிள்ளை மாதிரிதான் இருக்கும்.

போனிலேயே டார்ச் இருக்கிறதே?

இருக்கிறது. கட்டிலுக்கு அடியில் உருண்டுபோன மாத்திரையைத் தேட அது போதும். ஆனால் நள்ளிரவில் மோட்டார் போடக் கிணற்றடிக்கு வரப்பில் நடக்கிறவருக்குப் போதாது. விடிவதற்கு முன் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டப் போகிறவர்களுக்கும், வலையைப் பிரித்துக்கொண்டு கடலில் இருக்கிறவர்களுக்கும், காட்டில் ரோந்து சுற்றும் வேட்டைத் தடுப்புக் காவலர்களுக்கும் போதாது. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த பிறகு டெல்டாவின் பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. அப்போது போனில் மிச்சமிருந்த சார்ஜை டார்ச்சுக்குச் செலவழிப்பதா, சொந்தக்காரர்களிடம் பேசுவதற்கு வைத்துக்கொள்வதா என்று யோசித்த குடும்பங்கள் எத்தனையோ.

பாம்புக்கடி கணக்கையும் ஒருமுறை பார்த்துவிடலாம். 2000-த்திலிருந்து 2019 வரை இந்தியாவில் பாம்பு கடித்து இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று 2020-ல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. வருடத்துக்குச் சராசரியாக 58,000 பேர். அதில் பெரும்பகுதி கிராமங்களில். கட்டுவிரியன் இரவில்தான் நடமாடும். கண்ணாடிவிரியன் வரப்போரமே படுத்துக்கிடக்கும். ஆறு மணி நேரம் எரியும் என்று நம்பி எடுத்துப்போன டார்ச், போலி பேட்டரியால் ஒரு மணி நேரத்தில் பாதி வழியிலேயே அணைந்துபோவது அந்த இடத்தில் வெறும் 'ஏமாந்துட்டோம்' என்ற வருத்தத்தோடு முடிகிற விஷயமில்லை.

சரி, எரியாமல் போவது ஒரு பிரச்னை. எரியக் கூடாத விதத்தில் எரிவது இன்னொரு பிரச்னை.

காவலாளி இருக்கிறாரா, பாருங்கள்

போன் பேட்டரியும் லித்தியம் அயான்தான். ராத்திரி முழுக்க சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்குகிறோம். ஒன்றும் ஆவதில்லை. காரணம், போனுக்குள் ஒரு காவலாளி இருக்கிறார். பேட்டரி 4.2 வோல்ட், அல்லது அதற்கென்று வகுத்த எல்லையைத் தொட்டதும் சார்ஜை நிறுத்துவார். ரொம்ப இறங்கினால் போனையே அணைத்துவிடுவார். சூடு ஏறினால் வேகத்தைக் குறைப்பார். இத்தனை காவல் இருந்தும், 2016-ல் சாம்சங் நிறுவனம் பேட்டரி தீப்பிடித்ததால் தன் நோட் 7 போன்களை உலகம் முழுவதிலிருந்தும் திரும்பப் பெற வேண்டிவந்தது.

தனியாக விற்கும் 18650 செல்லில் பல சமயம் இந்தக் காவலாளியே கிடையாது. இந்த செல்களைத் தயாரிக்கும் பெரிய நிறுவனங்கள் இவற்றைச் செய்வது லேப்டாப், டிரில்லிங் மெஷின், மின்சார வாகனம் போன்றவற்றின் பேட்டரிப் பெட்டிக்குள் வைக்கத்தான். அந்தப் பெட்டிக்குள் காவல் சர்க்யூட் தனியாக இருக்கும். பெட்டியிலிருந்து பிரித்த செல்களை உதிரியாக வாங்கிப் பயன்படுத்த வேண்டாம் என்று 2021 ஜனவரியில் அமெரிக்காவின் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் எச்சரிக்கையே வெளியிட்டது. பேன்ட் பையில் சாவிக்கொத்தோடு ஒரு வெறும் செல்லைப் போட்டுவைத்தால் போதும். சாவி இரண்டு முனைகளையும் தொட்டு ஷார்ட் ஆகி, சில நொடிகளில் தொடை வெந்துவிடும்.

அப்படியென்றால் டார்ச்சுக்கு என்னதான் வாங்குவது? 'புரொடெக்டட்' என்று குறிப்பிட்டு விற்கும் செல்லை. செல்லின் அடியில் ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சின்னதாக ஒரு சர்க்யூட் வில்லை ஒட்டியிருக்கும். பக்கவாட்டில் உறைக்கு அடியில் ஒரு மெல்லிய உலோகப் பட்டை ஓடும். விரலால் தடவினால் லேசாக மேடு தட்டுப்படும். சார்ஜ் அளவு மீறினாலும், ரொம்ப இறங்கினாலும், ஷார்ட் ஆனாலும் இது இணைப்பைத் துண்டித்துவிடும். இந்த வில்லையால் செல்லின் நீளம் 65-லிருந்து 68, 70 மில்லிமீட்டர் வரை கூடிவிடும். எனவே உங்கள் டார்ச்சுக்குள் அது நுழையுமா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். டார்ச் தயாரித்த நிறுவனமே தன் பெயரில் விற்கும் செல் கிடைத்தால் அதுதான் தலைவலியில்லாத வழி. கொஞ்சம் கூடுதலாகக் கேட்பார்கள். கொடுக்கலாம்.

காவலாளி இல்லாத செல்லில் சத்தமில்லாமல் நடக்கும் ஆபத்து ஒன்று உண்டு. டார்ச்சை அணைக்க மறந்து இரவு முழுக்க எரியவிட்டு, காலையில் பேட்டரி சுத்தமாக இறங்கிக் கிடக்கும். 'சார்ஜ் போட்டா சரியாயிடும்' என்று தோன்றும். லித்தியம் செல் 2.5 வோல்ட்டுக்குக் கீழே போகவே கூடாது. 2 வோல்ட்டுக்கும் கீழே ரொம்ப நேரம் கிடந்தால் உள்ளே இருக்கும் செம்புத் தகடு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைய ஆரம்பிக்கிறது. மறுபடி சார்ஜ் செய்யும்போது அந்தச் செம்பு வேண்டாத இடத்தில் படிந்து, உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஏற்படுத்தும். அது நாலாவது சார்ஜில் நடக்கலாம், நாற்பதாவது சார்ஜிலும் நடக்கலாம். செல் திடீரென்று சூடாகி, அந்தச் சூடே மேலும் சூட்டைக் கிளப்பி, தடுக்க முடியாத நிலைக்குப் போய்விடும். கூடவே வரும் புகையில் ஹைட்ரஜன் ஃப்ளோரைடு போன்ற நச்சு வாயுக்கள் இருக்கும். அடிமட்டம் வரை இறங்கிப்போன செல்லை உயிர்ப்பிக்கப் பார்ப்பதைவிடப் புதிதாக வாங்குவது மலிவு.

ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ, ஊரில் இருக்கும் எலெக்ட்ரிக்கல் கடையிலோ ஒரு சாதாரண மல்டிமீட்டர் வாங்கி வைத்துக்கொண்டால் இதையெல்லாம் ஊகிக்க வேண்டியதில்லை. நல்ல புது செல் பெட்டியிலிருந்து எடுக்கும்போது 3.4 முதல் 3.7 வோல்ட் வரை காட்டும். முழு சார்ஜில் 4.2. புதிது என்று வந்த செல் 3-க்கும் கீழே காட்டினால், பிரித்த கையோடு திருப்பி அனுப்பிவிடலாம்.

குக்கர் வெயிட்டை அடைத்தால் என்ன ஆகும்?

ஒரு செல் போடும் டார்ச்சும், இரண்டு மூன்று செல்களை ஒன்றன்பின் ஒன்றாகப் போடும் நீளமான டார்ச்சும் ஒன்றல்ல. இரண்டாவது வகையில் ஆபத்து கூடுதல். ஒரு செல் புதிது, இன்னொன்று பழையது என்று கலந்து போட்டால், பழையது முதலில் காலியாகிவிடும். புதியது நிற்காது, தன் மின்சாரத்தைக் காலியான செல் வழியாகவே தள்ளிக்கொண்டிருக்கும். காலியான செல் எதிர்த்திசையில் திரும்பிவிடும். உள்ளே வாயு உண்டாகும்.

18650 செல்லின் தலையில், வாயு அழுத்தம் அதிகமானால் வெளியேறுவதற்கென்றே சின்னத் துவாரங்கள் உண்டு. செல் தன்னளவில் தப்பித்துக்கொள்ளும். ஆனால் அந்த வாயு எங்கே போகும்? தண்ணீர் புகாமல் இருக்க ரப்பர் வளையம் போட்டு இறுக்கிய அலுமினியக் குழாய்க்குள்தானே! பிரஷர் குக்கரின் வெயிட்டையும் அடைத்து, சேஃப்டி வால்வையும் அடைத்து அடுப்பில் வைத்ததற்குச் சமம். டார்ச் வெடித்த சம்பவங்களில் காயம் கடுமையாவதற்கு இந்தக் குழாய் ஒரு முக்கியக் காரணம். அதைக் கையில் பிடித்துக்கொண்டிருப்போம், பல சமயம் முகத்துக்கு அருகே.

ஆகவே வீட்டு உபயோகத்துக்கு ஒற்றை செல் டார்ச்சே நல்லது. வெளிச்சம் கூடுதலாக வேண்டுமென்றால் 21700 என்ற சற்றே பெரிய செல் இருக்கிறது. 21 மில்லிமீட்டர் விட்டம், 70 மில்லிமீட்டர் நீளம். 5,000 எம்.ஏ.ஹெச் அதில் நம்பத்தகுந்த எண். ஏற்கெனவே இரண்டு செல் டார்ச் இருக்கிறதென்றால், இரண்டையும் ஒரே நேரத்தில், ஒரே மாதிரியாக வாங்கி, அ, ஆ என்று பேனாவால் எழுதி, எப்போதும் ஜோடியாகவே சார்ஜ் செய்யுங்கள். ஒன்று போனால் இரண்டையும் மாற்றுங்கள்.

கைக்குழந்தைகளோ, சுட்டிகளோ இருக்கும் வீட்டில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 14500 என்று ஒரு லித்தியம் செல் இருக்கிறது. பார்ப்பதற்கு அச்சு அசலாகப் பென்சில் பேட்டரி. ஆனால் 1.5 வோல்ட்டுக்குப் பதில் 3.7 வோல்ட். சுவர்க் கடிகாரத்திலோ, குழந்தையின் பொம்மையிலோ அதைப் போட்டால் அந்தப் பொருள் கருகும். அதேபோல சிஆர்123 என்ற குட்டையான பேட்டரி லித்தியம்தான், ஆனால் ரீசார்ஜபிள் அல்ல. அதே அளவில் 16340 என்று ரீசார்ஜபிள் செல்லும் வருகிறது. இரண்டையும் குழப்பிக்கொண்டு சிஆர்123-ஐ சார்ஜரில் மாட்டினால் தீப்பிடிக்க வாய்ப்பு உண்டு.

எத்தனை நேரம் எரியும்?

உறையில் இருக்கும் எம்.ஏ.ஹெச்சை ஆயிரத்தால் வகுத்து, 3.6-ஆல் பெருக்கினால் 'வாட் ஹவர்' கிடைக்கும். 3,000 எம்.ஏ.ஹெச் செல் என்றால் 10.8. எல்.இ.டி ஒரு வாட்டுக்குச் சுமார் 100 லூமென் வெளிச்சம் தரும் என்று வைத்துக்கொள்ளலாம். வரப்பில் கால் வைக்கும் இடத்தைப் பார்க்க 100 லூமென் தாராளம். அந்த வெளிச்சத்தில் பத்து மணி நேரம் ஓடும். தோப்பின் அந்தக் கோடி வரை பாய்ச்ச 1,000 லூமென் வைத்தால் ஒரு மணி நேரம்தான். '10,000 லூமென், எட்டு மணி நேரம், ஒற்றை பேட்டரி' என்று விளம்பரம் செய்யும் டார்ச்சை இந்த ஒற்றைக் கணக்கிலேயே மடக்கிவிடலாம்.

இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. அதிக வெளிச்சம் தரும் டார்ச் ஒரே நேரத்தில் நிறைய மின்னோட்டத்தை உறிஞ்சும். தொட்டி பெரிதாக இருந்தால் போதாது, குழாயும் அகலமாக இருக்க வேண்டும். சாம்சங்கின் 35ஈ செல் 3,500 எம்.ஏ.ஹெச். ஆனால் தொடர்ந்து தரக்கூடியது 8 ஆம்பியர். அதே நிறுவனத்தின் 30க்யூ செல்லில் கொள்ளளவு 3,000-தான். ஆனால் 15 ஆம்பியர் வரை கொடுக்கும். எம்.ஏ.ஹெச் குறைவாக இருப்பது எப்போதும் மட்டமான சரக்கு என்று அர்த்தமில்லை. டார்ச்சின் கையேட்டில் எத்தனை ஆம்பியர் கேட்கிறது என்று பார்த்துவிட்டு, அதற்கு மேல் தரக்கூடிய செல்லாக வாங்க வேண்டும். ஆம்பியர் எண்ணே போடாத செல்லை வாங்கவே வேண்டாம்.

இந்தியாவில் விற்கும் இத்தகைய ரீசார்ஜபிள் செல்களுக்கு இந்தியத் தர நிர்ணய அமைப்பான பி.ஐ.எஸ்-ஸின் பதிவு கட்டாயம். உறையிலோ பெட்டியிலோ ஐ.எஸ் 16046 என்ற தர எண்ணும், 'ஆர்' என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். பி.ஐ.எஸ் கேர் என்ற செயலியில் அந்த எண்ணைப் போட்டால் எந்த நிறுவனத்துக்கு, எந்தப் பொருளுக்குக் கொடுத்தது என்று வந்துவிடும். எண்ணை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம் என்பதால், செயலியில் வரும் பெயரும் உறையில் இருக்கும் பெயரும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதுதான் முக்கியம்.

தலையணைக்கு அடியில் மட்டும் வேண்டாம்

நல்ல செல்லையும் மோசமான சார்ஜர் கெடுத்துவிடும். 4.2 வோல்ட்டில் நிறுத்தத் தெரியாத சார்ஜர், காவலாளி இல்லாத செல்லை நேராக ஆபத்துக்குள் தள்ளும். டார்ச்சோடு இலவசமாக வரும், பெயரில்லாத, சுவரில் நேராகச் செருகும் சார்ஜரைப் பார்த்தால் கொஞ்சம் தள்ளியே இருங்கள். செல்லின் வோல்ட்டையும், எத்தனை எம்.ஏ.ஹெச் ஏறியது என்பதையும் திரையில் காட்டும் சார்ஜர்கள் கிடைக்கின்றன. அதில் ஒருமுறை காலி செல்லை முழுதாக ஏற்றிப் பார்த்தால், 9,900-ன் உண்மை மதிப்பு அதுவே எண்ணாக வந்து நிற்கும்.

மெதுவாக ஏற்றுவது நல்லது. 3,000 எம்.ஏ.ஹெச் செல்லுக்கு ஒன்றிலிருந்து ஒன்றரை ஆம்பியர் போதும். மெத்தை, சோபா, தலையணை, வைக்கோல் போர் பக்கம் வேண்டாம். மொசைக் தரை, டைல்ஸ், கடப்பைக் கல் மேடை, இவற்றில் ஒன்றின் மேல் வைத்து, வீட்டில் யாராவது விழித்திருக்கும்போது சார்ஜ் செய்யுங்கள். பிளாஸ்டிக் உறை கிழிந்திருந்தால் அந்த செல்லைத் தொடர்ந்து பயன்படுத்தாதீர்கள். தலைப்பக்கத்தைத் தவிர உடம்பு முழுக்க நெகட்டிவ் முனை. அந்த உறை அழகுக்காகப் போட்டதல்ல. சார்ஜ் ஆகும்போது கை வைக்க முடியாத சூடு, இனிப்பும் பெயின்டும் கலந்த மாதிரி வாடை, 'உஸ்' என்ற சத்தம், இவற்றில் எது வந்தாலும் ஸ்விட்ச்சை அணைத்துவிட்டு எல்லோரையும் வெளியே கூட்டிப்போங்கள். புகையைச் சுவாசிக்கக் கூடாது. தீ பிடித்துவிட்டால் 101-ஐ அழைக்க வேண்டும்.

ஆயுளைத் தின்பது இரண்டு விஷயங்கள். ஒன்று வெயில், இன்னொன்று முழு சார்ஜ். இரண்டும் சேர்ந்தால் செல் வேகமாகக் கிழடு தட்டும். 'அவசரத்துக்கு உதவுமே' என்று முழுதாக ஏற்றி, கார் டேஷ்போர்டுப் பெட்டியிலோ பைக் சீட்டுக்கு அடியிலோ வருடக்கணக்கில் போட்டுவைப்பது அதனால்தான் மோசமான பழக்கம். மே மாத வெயிலில் நிற்கும் காருக்குள் சூடு 60 டிகிரியைத் தொட்டுவிடும். தினமும் பயன்படுத்தாத டார்ச்சைப் பாதிக்குச் சற்று மேலே சார்ஜ் செய்து, வீட்டில் குளுமையான அலமாரியில் வைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். புயல் அறிவிப்பு வந்தால் அப்போது முழுதாக ஏற்றிக்கொள்ளலாம். வருகிற செய்திதான் மூன்று நாள் முன்னாலேயே வந்துவிடுகிறதே! தினசரி பயன்படுத்துபவர்கள் சுத்தமாக இறங்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. வெளிச்சம் மங்கும்போதே சார்ஜ் போடுவதுதான் லித்தியத்துக்குப் பிடிக்கும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் 300-லிருந்து 500 தடவை முழு சார்ஜ் தாங்கும்.

மலைவாழ் வாசகர்களுக்கு மட்டும் ஒரு வரி. ஊட்டியில் உறைபனி கொட்டும் ஜனவரி இரவில் வெளியே கிடந்த டார்ச்சை அப்படியே சார்ஜில் போடாதீர்கள். பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்தால் லித்தியம் உலோகமாகப் படிந்து செல்லைக் கெடுக்கும். அறைச் சூட்டுக்கு வரட்டும்.

லித்தியம்தான் வேண்டுமா?

வருடத்தில் நாலைந்து தடவை கரன்ட் போகும்போது மட்டும் டார்ச் தேடுகிற வீட்டுக்கு, உண்மையில் 18650 தேவையே இல்லை. பென்சில் பேட்டரி அளவில் வரும் நிக்கல் ரீசார்ஜபிள் செல்கள் நாலும் அதற்கான ஒரு சார்ஜரும் போதும். வெளிச்சம் கொஞ்சம் குறைவு. ஆனால் லித்தியம் மாதிரி தீப்பிடிக்கிற சமாசாரம் இல்லை. பாட்டி தனியாக இருக்கும் வீட்டுக்கு இதைத்தான் வாங்கிக் கொடுக்க வேண்டும்.

தினமும் வயலுக்குப் போகிறவர்களுக்கு லித்தியத்திலேயே இன்னொரு வகை பொருந்தும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட். எல்.எஃப்.பி என்பார்கள். இது 3.2 வோல்ட். சூடு தாங்கும். எளிதில் தீப்பிடிக்காது. சாதாரண லித்தியம் அயானைவிடப் பல மடங்கு, ஆயிரக்கணக்கான முறை சார்ஜ் செய்யலாம். அதற்கு விலை கொள்ளளவு. 18650 அளவில் 1,500, 1,800 எம்.ஏ.ஹெச்தான் வரும். சோலார் விளக்குகளிலும் பெரிய டார்ச்சுகளிலும் 32700 என்று குண்டான எல்.எஃப்.பி செல் பயன்படுத்துகிறார்கள். அதில் 6,000 எம்.ஏ.ஹெச் என்று போட்டிருந்தால் நம்பலாம். 32 மில்லிமீட்டர் விட்டமும் கைக்குத் தெரிகிற கனமும் அதற்குச் சாட்சி. ஆனால் எல்.எஃப்.பி செல்லுக்கு 3.65 வோல்ட்டில் நிற்கும் தனி சார்ஜர் வேண்டும். சாதாரண லித்தியம் சார்ஜரில் மாட்டக் கூடாது. உள்ளேயே பேட்டரி வைத்து யு.எஸ்.பி வழியாக சார்ஜ் ஆகும் டார்ச் வாங்குகிறவர்களுக்கு இந்தக் குழப்பம் இல்லை. மூன்று வருடம் கழித்து அந்த செல்லை மாற்ற முடியுமா என்று மட்டும் கடைக்காரரிடம் கேட்டுவிடுங்கள்.

விமானத்தில் போகிறவர்கள் உதிரி செல்களைச் செக்-இன் பெட்டியில் வைக்கக் கூடாது. முனைகள் ஒன்றையொன்று தொடாதபடி பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, கைப்பையில்தான் எடுத்துப்போக வேண்டும்.

உயிர் போன செல்லை எங்கே போடுவது? குப்பைத் தொட்டியில் கூடாது. 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பழைய பேட்டரியை மற்ற குப்பையோடு கலக்கக் கூடாது என்கின்றன. அதைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்ய வழிசெய்யும் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள் மேல் வைத்திருக்கின்றன. செத்ததாக நாம் நினைக்கும் செல்லில் கொஞ்சம் மின்சாரம் மிச்சம் இருக்கும். குப்பை லாரியின் அழுத்தும் தகடு அதை நசுக்கினால் லாரிக்குள்ளேயே தீ. அதனால் இரண்டு முனையிலும் இன்சுலேஷன் டேப் ஒட்டி, ஒரு பழைய பிளாஸ்டிக் டப்பாவில் தனியாகச் சேர்த்து, மின்னணுக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள். டப்பாவின் மேலே 'பேட்டரி' என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள், வாங்குகிறவருக்கும் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டுமே.